பாய்க்குப் போன மெசேஜ்

"அழிச்சா அழியணும் இல்லையாம்மா? அதென்ன, என் பக்கம் மட்டும் அழியும்னு சொல்றே?"

ராஜகோபாலன் மறுபடியும் கேட்டார்.

"புது சாஃப்ட்வேர் போட்டிருக்கோம்ல சார்? இதுலயும் பழையபடிதான், தனி மெசேஜ் ரெண்டு பேர் பெட்டியிலயும் தனித்தனியா இருக்கும். உங்க பெட்டியில இருக்கறதைத்தான் நீங்க அழிக்க முடியும்" என்றாள் செம்மொழி.

டெல்டா இயற்கை விவசாயிகளின் இணைய மன்றத்தைப் பராமரிப்பவள் அவள். ராஜகோபாலன் அதன் தலைவர்.

"நாம நீக்கினவங்க கணக்கு?"

"மாத்தும்போது எல்லாமே திறந்துக்கிச்சு சார். ரெண்டு நாள்ல சரி பண்ணிடறேன். ஷேர் பட்டன் பார்த்தீங்களா? தனி மெசேஜை ஒரே அமுக்குல மன்றத்துல எல்லாருக்கும் போட்டுடலாம். நல்லாயிருக்குல்ல?"

நல்லாயிருக்காம்!

போன சம்பாப் பருவத்தில், அவருடைய ஒரத்தநாட்டு வயலில் புகையான் பூச்சி விழுந்து பத்து மா நிலத்துப் பயிரும் கண்ணெதிரே கருக ஆரம்பித்தது. மேடைக்கு மேடை 'விஷமில்லா அரிசி' என்று முழங்குகிறவர், மன்ற உறுப்பினரான பட்டுக்கோட்டை மீரா சாகிப்புக்கு மன்றத்திலேயே தனி மெசேஜில் ரகசியமாக எழுதினார்: 'பாய், யாருக்கும் தெரியாமல் என்ன மருந்து அடிக்கலாம்?'

பாய் சொன்ன மருந்தை அடித்தார். பயிர் பிழைத்தது. அதை இயற்கை அரிசி என்றே கூசாமல் விற்றார்.

அடுத்த மாதம் அதே மீரா சாகிப், 'என் வயலிலும் மருந்து அடித்துவிட்டேன். இந்த வருஷம் என் நெல்லை இயற்கை நெல் என்று விற்க மாட்டேன்' என்று மன்றத்தில் வெளிப்படையாக எழுதினார். பாவம், நேர்மையாகச் சொல்கிறாரே என்று பலரும் இரக்கப்பட்டார்கள். 'துரோகி' என்று எழுதி, அவரை நீக்கியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் ராஜகோபாலன்தான். மறுநாளே கணக்கையும் மூட வைத்தார். ஆதாரம் உள்ளேயே பூட்டிக்கொண்டது என்று நிம்மதியாகவும் இருந்தார்.

இப்போது அந்தப் பூட்டு திறந்து கிடக்கிறது.

மன்றத்தில் நானூறு பேர். அவர் அரிசியை நம்பிக் குழந்தைக்குக் கஞ்சி வைக்கும் வீடுகள் அதற்கும் மேலே. பாய் ஒரு தரம் அந்த ஷேர் பட்டனில் விரலை வைத்தால் போதும், அப்புறம் வெளியில் தலைகாட்ட முடியாது.

மூன்று முறை நம்பரை அழுத்திவிட்டு கட் பண்ணினார். நான்காவது முறை மணி அடித்தது.

"பாய்... நான் ராஜகோபாலன்."

"சொல்லுங்க சார்! நல்லா இருக்கீங்களா? உங்க பக்கம் வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு... பாய், உங்க மன்றக் கணக்கு திரும்பத் திறந்திருக்கு. அன்னிக்கு நான் மருந்து கேட்டு எழுதினேனே, அந்த மெசேஜ்... தயவுசெஞ்சு அதை அழிச்சிடுங்க."

ராஜகோபாலன் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

"அது எங்க சார் இருக்கு? நீங்க என்னைத் துரோகின்னு எழுதின அன்னிக்கே அழிச்சிட்டேன்" என்றார் மீரா சாகிப். "இருந்த கோவத்துல எடுத்துக் காட்டிடுவேனோன்னு எனக்கே பயமா இருந்துச்சு."