ரம்லாவுக்குப் பிடித்த பங்களா

குடும்பத்தோடு இரண்டு நாள் தங்க, உடுமலைப் பக்கம் தோப்பு பங்களா தேடித் தேடி முஜீப் அலுத்துப்போனான்.

"நீச்சல் குளம், ஊஞ்சல், பெரிய சமையக்கட்டு எல்லாம் இருக்குது. இதுக்கென்ன குறை?" என்று போனை நீட்டினான்.

"வேண்டாமுங்க" என்றாள் மனைவி ரம்லா.

"இது ஆத்தோரம். பாத்திரம் பண்டம்கூட அவங்களே தர்றாங்களாம்."

"இதுவும் வேண்டாமுங்க."

"இருவது பேரு போறோம். உன்னொருத்திக்காகப் புதுசாத்தான் கட்டோணும்!" என்று எரிந்து விழுந்தான்.

கடைசியில் அவளே ஒன்றைக் காட்டினாள். குளமில்லை, ஊஞ்சலில்லை. வெறும் அறைகளும் தென்னை மரங்களும்தான். முஜீப் பல்லைக் கடித்துக்கொண்டு புக் செய்தான்.

வேனை விட்டு இறங்கியதும் ரம்லா பங்களாவை ஒரு சுற்று சுற்றி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏனுங்க, இங்க சமையக்கட்டே இல்லீங்க! பக்கத்து மெஸ்ல சொன்னா சாப்பாடு வந்துரும். ரெண்டு நாளைக்கு நானும் விருந்தாளி!"

முஜீப் திருதிருவென்று விழித்தான். "சமையக்கட்டு இல்லைன்னு ஓனர் போன்ல சொன்னாரு அம்மணி. நீ கவனிக்காம உட்டுட்டயோன்னு நெனச்சு, நாந்தான்..."

வேனின் பின்பக்கத்திலிருந்து கேஸ் அடுப்பும் பிரியாணி தேக்சாவும் வெங்காய மூட்டையும் இறங்கிக்கொண்டிருந்தன.

முஜீபின் தம்பி அஃபான் உற்சாகமாகக் கேட்டான்.

"அண்ணி, அடுப்ப எங்கீங்க வெக்கறது?"