விசிறிக்காரியின் ஓவியம்

ஒரு துறைமுக ஊரில் கிராம்பு வியாபாரிகளின் வீடு ஒன்று இருந்தது. கப்பல் போன நாடுகளிலெல்லாம் அவர்கள் வாங்கிய கலைப்பொருட்கள் மாடி அறையில் பூட்டிக் கிடந்தன. வீட்டுத் தலைவனைத் தவிர வேறு யாரும் அவற்றைப் பார்த்ததில்லை.

ஒருநாள் மத்தியானம், இப்போது வீட்டுத் தலைவனான தெய்வராயன் அந்த அறைக்குள் வந்து தாழிட்டுக்கொண்டான். விசிறி பிடித்த பெண்ணின் ஓவியத்துக்கு முன்னால் உட்கார்ந்தான்.

அங்கிருந்த மரக்குதிரை ஓவியத்துப் பெண்ணிடம் கெஞ்சியது. "இவனையாவது விட்டுவிடு, தாயே. இவன் தாத்தாவையும் அப்பாவையும் நீதானே வைத்திருக்கிறாய்?"

"நான் யாரையும் கூப்பிடவில்லை. என்னை வேறு யாரும் பார்க்கக் கூடாது என்று அவர்களாகத்தான் உள்ளே வந்தார்கள்" என்றாள் அவள்.

அவளுக்குப் பின்னால் இரண்டு கிழவர்கள் ஒருவரையொருவர் முறைத்தபடி நின்றிருந்தார்கள்.

தெய்வராயன் எழுந்து ஓவியத்தைத் தொட்டான். கை உள்ளே போனது. அவன் பயப்படவில்லை, சிரித்தான்.

மறுநாள் அவன் மனைவி வள்ளிநாயகி ஆள் வைத்துக் கதவை உடைத்தாள். அறையில் யாரும் இல்லை. ஓவியத்தில் மூன்று ஆண்கள் இருந்தார்கள். மூன்றாவது முகம் அவள் புருஷனுடையது.

"என்னங்க, வந்துடுங்க!" என்று கதறினாள்.

அவன் கண் அசையவில்லை. அவன் நின்ற இடத்திலிருந்து அந்தப் பெண்ணின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. எப்போது திரும்புவாள் என்று அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.