இரண்டு கேக்குகள்

பெயர் சூட்டு விழாவுக்கு முதல் நாள், மருமகள் பேக்கரிக்கு போன் செய்தாள்.

"கேக்குல இந்தப் பேரை எழுதுங்கண்ணே. என் மாமியார்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க."

சற்று நேரத்தில் மாமியாரே கடைக்கு வந்து, வேறொரு பெயரை எழுதச் சொல்லி இன்னொரு கேக் கேட்டார்.

"மருமகளுக்குத் தெரியக் கூடாது தம்பி."

மறுநாள் குழந்தையின் அப்பாவிடம் பேக்கரிக்காரர் இரண்டு பெட்டிகளை நீட்டினார்.

"இது உங்க அம்மா சொன்னது. இது உங்க வீட்டுக்காரம்மா சொன்னது."

"ரெண்டா? போச்சு! ஒரு மாசமா ஆளுக்கொரு பேரைப் பிடிச்சுக்கிட்டு முறைச்சுக்கிட்டிருக்காங்க. இன்னிக்கு எல்லார் முன்னாலயும் வெடிக்கப் போகுது."

பெட்டிகளைத் திறந்து பார்த்தவர் இன்னும் பதறினார்.

"அண்ணே, மாத்தி எழுதிட்டீங்களே! அம்மா கேட்ட பேரு அவ கேக்குல இருக்கு, அவ கேட்டது அம்மா கேக்குல இருக்கு!"

பேக்கரிக்காரர் சிரித்தார்.

"நான் மாத்தல தம்பி. அவங்க எழுதச் சொன்னதே அப்படித்தான்."