வாசலில் ஒரு சிவப்பு பக்கெட்

திருவள்ளூர் புகைப்படக் கழகம் நடத்திய கறுப்பு வெள்ளைக் கட்டடப் படப் போட்டி. நடுவர் வீரராகவன், ஜெபா கொடுத்த படத்தை விரல் நுனியால் தள்ளிவிட்டார்.

"ஓட்டு வீட்டை நல்லாத்தான் எடுத்திருக்கே. ஓடு, சுவர், வேப்பமரம், எல்லாத்துலயும் அந்தக் கறுப்பு அருமை. மழைத்தண்ணி வழிஞ்ச வெள்ளைக் கோடுகூட அழகு. ஆனா வாசல்ல எதுக்கும்மா சிவப்பு பக்கெட்? மத்த கலரையெல்லாம் அழிச்சுட்டு ஒண்ணை மட்டும் விட்டு வைக்கிறது, கல்யாண ஆல்பம் போடறவன் பண்ற மலிவு வேலை!"

சுற்றி நின்ற உறுப்பினர்கள் சிரித்தார்கள்.

"நான் எதையும் அழிக்கல சார்."

"பொய் வேறயா? எந்த ஆப்ல பண்ணினே?"

"ஆப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. போன்ல எட்த்தேன், அப்டியே பிரிண்டு போட்டு குட்த்தேன்."

"அப்போ இது கலர் படமா? கறுப்பு வெள்ளைப் போட்டிக்குக் கலர் படம் கொடுக்க வெட்கமா இல்ல?"

ஜெபா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது கும்மிடிப்பூண்டில எங்க ஊடு சார். பின்னாடியே இரும்பு உருக்குற கம்பெனி. அவன் உடற கரி படிஞ்சி ஓடு, செவுரு, மரம் எல்லாம் இந்தக் கலர்லதான் கீது. கறுப்பு வெள்ளைதானே கேட்டீங்கோ?"

சிரிப்பு நின்றுபோயிற்று. வீரராகவன் மட்டும் விடுவதாக இல்லை.

"அப்போ அந்த பக்கெட்?"

ஜெபா அவர் தள்ளிவிட்ட படத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அது அன்னிக்குக் காலைல வாங்கினது. நாலு நாளு போவட்டும் சார். அதுவும் உங்க ரூல்ஸுக்கு வந்துரும்."