பன்னிரண்டாவது பெயர்

லினக்ஸ் சர்வரை அப்கிரேட் செய்த பத்தாவது நிமிடத்தில், அதற்குள் நுழைய உரிமை உள்ளவர்களின் பட்டியல் அழிந்துபோனது தெரிந்தது. மேலாளர் ரகோத்தமனையும் சேர்த்து அலுவலகத்தில் பன்னிரண்டு பேரும் சர்வருக்கு வெளியே நின்றார்கள். வீட்டிலிருந்து வேலை பார்த்த பவுலினின் திரையில் மட்டும், அப்கிரேடுக்கு முன்பே அவள் சர்வருக்குள் நுழைந்து திறந்த ஒரு விண்டோ இன்னும் உயிரோடு இருந்தது. புதிதாக ஒருமுறை நுழைந்து பார்க்காமல் பழைய விண்டோவை அவள் மூடமாட்டாள். போன மாதம் மீட்டிங்கில் ரகோத்தமன் இதைச் சொல்லித்தான் சிரித்தார்.

"வீட்டைப் பூட்டிட்டு, பூட்டை நாலு தடவை இழுத்துப் பாக்குற ஆளு இவங்க. இப்படிப் பயந்து பயந்து வேலை பாத்தா உருப்படுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்கிரேட் வேலையை அவளிடமிருந்து பிடுங்கி ரகோத்தமன் தானே வைத்துக்கொண்டார்.

இப்போது போனில் அவர் குரல் இறங்கியிருந்தது. "பவுலின், உங்க விண்டோவை மட்டும் மூடிடாதீங்கம்மா. எல்லார் பேரையும் மறுபடி பட்டியல்ல சேத்துடுங்க."

"ஸ்பீக்கர்ல போடுங்க சார். எல்லாரும் கேக்கட்டும்."

போட்டார். அவள் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லியபடியே தட்டினாள். பதினோராவது பெயரோடு விரலை எடுத்துவிட்டாள். அடுத்த இடத்தில் கர்சர் மினுங்கியது.

"என் பேரும்மா?" என்றார் ரகோத்தமன்.

பவுலின் டீயை எடுத்து நிதானமாக ஊதினாள்.

"பொறுங்க சார். நான் பயந்து பயந்துதான் வேலை பாப்பேன்."