மூலைக்கொடி

மாலை நாலரை மணிக்கு ஆட்டம் தொடங்கியபோது மாசானம் என்ற கீரியின் உடம்பில் பழைய ஆட்டங்களில் வாங்கிய பதினேழு தையல் தழும்புகள் இருந்தன. எட்டு வருடமாக அது இரண்டாம் டிவிஷன் ஹாக்கியில் முன்கள ஆட்டக்காரன். அன்று பெரிய லீகுக்கு ஆள் எடுக்கக் கொக்கு வந்திருந்தது. இந்த வருடமும் தேறாவிட்டால் ஆட்டத்தை விட்டுவிடுவதென்று மாசானம் முடிவு செய்திருந்தது.

கொக்கு வழக்கம்போல கோல் கம்பத்தருகே ஒற்றைக்காலில் நின்றது, கடைசிவரை நகரவில்லை. மாசானம் மூலைச் சேற்றில் எதிரணியின் மூன்று பேரிடம் அடிவாங்கி, பந்தைப் பிடுங்கித் தள்ளிக்கொண்டே இருந்தது. அதை வாங்கி, கோல் வாயிலில் நின்ற அதன் அணி முயல் நாலு கோல் போட்டது.

ஆட்டம் முடிந்ததும் மாசானம் கொக்கிடம் போனது.

"அண்ணே, நான் தேறுவேனா?"

"உன்னை நான் பார்க்கவே இல்லையேப்பா. எங்கே இருந்தே?"

"அந்த மூலையிலண்ணே."

"கோல் இங்கே இருக்கு. அங்கே உனக்கு என்ன வேலை?"

"பந்து அங்கேதானே இருந்துச்சு."

"அவன் சேறு பூசிக்கத்தான் வர்றான் சார்," என்றது முயல்.

கொக்கு முயலின் பெயரை எழுதிக்கொண்டு பறந்தது. மாசானம் மட்டையைக் கழுவி உறையில் போட்டுக் கட்டியது.

பெரிய லீகில் முயல் ஆறு ஆட்டம் ஆடியது. கோல் வாயிலில் காத்து நின்ற அதற்கு ஒரு பந்தும் வந்து சேரவில்லை.

மார்ச் 9-ஆம் தேதி கொக்கு அதே பழைய மைதானத்துக்குத் திரும்பி வந்து, மூலைக்கொடி அருகே நின்றது. அன்றைய அணிப் பட்டியலில் மாசானத்தின் பெயர் இல்லை.