ஒரு முறம் தவிடு

"ஏனுங்க, எருமைக்கு வெச்ச தவிடு தெனமும் கொறையுது. உங்க மகதான் திருடி விக்கறா. அவளக் கொண்டுபோயி உட்டுப்போட்டு வாங்க" என்றாள் பெருமாயி.

பிள்ளையில்லாத பெருமாயியும் தீர்த்தகிரியும் தலை நரைத்த பிறகு, மோகனூரில் புருசனை இழந்த ஒருத்தியிடமிருந்து வீராயியைத் தத்தெடுத்திருந்தார்கள்.

விறகுக்கு அடியில் தவிட்டுப் பானை அகப்பட்டதும் வீராயியின் கன்னத்தில் அறை விழுந்தது.

"யாருக்குடி விக்கப்போறே?"

"விக்கறதுக்கு இல்லீங்க ஆத்தா. என்னைய எடுக்கறப்ப எங்கம்மாவுக்கு ஒரு மொறம் தவிடுதானுங்களே குடுத்தீங்க? இதக் குடுத்துத் தங்கச்சியையும் வாங்கிக்கலாமுங்க."

தத்தெடுக்கும் சடங்கில் சாங்கியத்துக்குக் கொடுத்த தவிட்டை விலையென்றே நினைத்திருக்கிறாள்.

தீர்த்தகிரி மனைவியைப் பார்த்தார். பெருமாயி தலையைக் குனிந்துகொண்டாள். அன்று அக்காளின் பாவாடையை விடாமல் அழுத சின்னவளைப் பிடித்து விலக்கிவிட்டு, "வேலை வெட்டிக்கு ஆகும், பெரியவளே போதும்" என்றவள் அவள்தான்.